றெக்கையில் கடைசி நாலு முடிச்சு

நேற்று சாயங்காலம் என் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தாள். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். வாசனை மொத்தமும் என் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து சட்டையை மாட்டினேன். "எங்க நன்னா கிளம்பிட்டீங்க? டீ போட்டாச்சு" என்றாள். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு நன்னா என்று பேர். "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் பீமநகரிலிருந்து பாலக்கரை வரைக்கும் நடந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அப்படியே திரும்பி நடந்து வந்தேன். எண்பதைத் தாண்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் ரோட்டில் அலைந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? மகன் நன்றாகவே சொன்னான்.

அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்கு அது நகப் பாலீஷ் வாசனை இல்லை. செம்பட்டு ஏரோட்ரோமில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஐந்து வருஷம் மூச்சு முட்ட முகர்ந்த வாசனை. அதைப் பற்றி உங்களிடமாவது சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு நல்ல மனிதரின் பேர் கெட்டது. செத்த பிறகு கெட்டது. எழுந்து வந்து "இல்லை" என்று சொல்ல அவரால் முடியாது. இதை நேராகச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் எனக்கு நேராகப் பேச வராது, வழியில் இருக்கிற எல்லா வீட்டிலும் நின்றுவிட்டுத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் என்றதும் உங்கள் மனசில் என்ன வருகிறதோ, அதை எடுத்து ஓரமாக வையுங்கள். எங்கள் கொட்டகைக்கு வந்ததெல்லாம் யுத்தம் முடிந்து ஏலத்தில் போன பழைய சாமான்கள். மேலே ஒரு றெக்கை, கீழே ஒரு றெக்கை, நடுவில் கம்பி. உள்ளே மரச்சட்டம், வெளியே துணி. அட, நிஜமாகவே துணிதான்! பருத்தித் துணியை இழுத்துப் போர்த்தி, சட்டத்தோடு சேர்த்து முடிச்சு முடிச்சாகத் தைத்து, மேலே 'டோப்' என்று ஒரு வார்னிஷ் அடிப்போம். அது காய்ந்தால் துணி சுருங்கி மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த டோப்பைத்தான் என் பேத்தி குட்டி பாட்டிலில் வாங்கி வைத்திருக்கிறாள். எங்களுக்கு அது டின் டின்னாக வரும். மத்தியானத்துக்குள் தலை கிறுகிறுக்கும்.

துணி என்றால் தைக்க ஆள் வேண்டுமே. அப்படித்தான் நான் அங்கே போனேன். சின்னக்கடைத் தெருவில் என்னைப் பெற்ற அத்தாவுக்குத் தையல் கடை. ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை. ஒரு நாள் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஒருத்தர் உள்ளே வந்தார். உயரம், சிவப்பு, முழங்கைவரை மடித்த காக்கிச் சட்டை. மனைவியின் அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு, நான் கையால் தைத்துக்கொண்டிருந்த ஒரு குடைத் துணியை எடுத்தார். ரெண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். எனக்கு வந்த கோபம்! "சார், அது கஸ்டமர் சாமான்" என்று கத்தியே விட்டேன். அவர் இன்னொரு தடவை இழுத்தார். தையல் அசையவில்லை.

"ஏரோப்ளேனுக்குத் தைக்கறியா?" என்றார்.

அத்தா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மனுஷனுக்குத் தெச்சே அளவு சரியில்லேன்னு திருப்பிக் கொண்டாராங்க. ஏரோப்ளேன் வந்து சண்டை போட்டா நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

அவர்தான் வரதன் சார். எங்கள் ஒர்க் ஷாப்பின் டெஸ்ட் பைலட்.

டெஸ்ட் பைலட் என்றால் வேறொன்றுமில்லை, பழுது பார்த்த விமானத்தை முதல் தடவையாக மேலே கொண்டுபோகிறவர். "மத்தவா எல்லாம் பறக்கும்னு தெரிஞ்சு ஏறுவா. நான் பறக்குமான்னு தெரிஞ்சுக்க ஏறறேன்" என்பார். மேலே போய்த் திருப்புவார், குத்தாக இறக்குவார், இன்ஜினை நிறுத்திவிட்டுக் காற்றிலேயே தொங்குவார், வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி விழவிட்டு மறுபடி நிமிர்த்துவார். எல்லாம் சரியாக இருந்தால் இறங்கி வந்து கையெழுத்துப் போடுவார். அதற்கப்புறம்தான் வாங்கினவர்கள் கொண்டுபோவார்கள். பயிருக்கு மருந்து தெளிக்க ஒன்று, ஜமீன்தார் மகனுக்கு ஒன்று என்று அவை எங்கெங்கோ போயின.

அவருக்கு ஸ்ரீரங்கத்தில் கீழ உத்திர வீதியில் வீடு. அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் இருந்தவர். பிள்ளை காலேஜுக்கென்று காவிரிப் பாலம் தாண்டிப் போனவர், அங்கிருந்து யுத்தத்துக்குப் போய்விட்டார். பர்மா மலைகளுக்கு மேலே ஓட்டினார். திரும்பி வந்தபோது அப்பா இல்லை. "ஆகாசத்துல பறந்ததுக்குப் பிராயச்சித்தம் பண்ணிக்கோன்னா, பண்ணிண்டேன். அடுத்த நாளே திரும்பவும் ஏறிட்டேன். தினமும் பண்ணிக்க முடியுமோ?" என்று சிரிப்பார். நெற்றியில் ஒற்றைச் சூர்ணக் கோடு மட்டும் விடாமல் இருக்கும். அதுவும் மனைவிக்குப் பயந்துதான் என்று அந்தோணி அண்ணன் சொல்வார்.

அந்தோணி அண்ணன் எங்கள் இன்ஜின் ஃபிட்டர். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபோர்மேனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர். "இந்த ஐயங்காருக்கு நாற்காலியில ஆணி அடிச்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்பார். உண்மைதான். வரதன் சார் உட்கார்ந்து நான் பார்த்ததே விமானத்துக்குள்தான். காபியை நின்றபடி குடிப்பார், பேப்பரை நடந்தபடி படிப்பார். மழை வந்து பறக்க முடியாத நாளில் கொட்டகைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். நடந்துகொண்டே ஒவ்வொரு றெக்கையையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. எங்காவது சத்தம் மாறினால் போச்சு. "டெய்லர்! இங்க வா! இதைப் பிரி!" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிரிப்பேன். பத்துக்கு எட்டுத் தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அவரிடம் ஒரு ரூல் உண்டு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது, அவரே வைத்தது. தைத்தவன் கூட ஏறவேண்டும். யார் தைத்த றெக்கையோ அந்த ஆள் முதல் பறப்பில் முன் சீட்டில் உட்காரவேண்டும். "நீ நன்னா தெச்சிருக்கேன்னு வாயால சொல்லாதே. உக்காந்து சொல்லு."

முதல் தடவை ஏறினபோது நான் கலிமாவை எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. அதையும் முழுசாகச் சொல்ல விடாமல் வயிறு மேலே வந்தது. எடமலைப்பட்டி புதூர் மேலே வாந்தி எடுத்தேன். அந்த ஊர்க்காரர்களிடம் இப்போதாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பின்னாலிருந்து அவர் ரப்பர் குழாய் வழியாகப் பேசுவார், என் காதுக் குல்லாயில் கேட்கும். "கண்ணைத் திற டெய்லர், ஊரைப் பாரு!" திறந்தேன். பொன்மலை ஷெட்டுகள், மலைக்கோட்டை, காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். அப்போது ராஜகோபுரம் எழும்பவில்லை. வெறும் மொட்டைக் கோபுரம் நின்றது. அத்தனை வீதியும் சதுரத்துக்குள் சதுரமாகத் தெரிந்தது. கீழே இருக்கிறவர்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்தேன், அதற்குள் மறுபடி வாந்தி.

கொள்ளிடம் தாண்டித் திருவெள்ளறைப் பக்கம் வயல் வெளிதான். அங்கே போய்த்தான் அவர் குட்டிக்கரணம் எல்லாம் அடிப்பார். முடித்துவிட்டுத் திரும்பும்போது உத்திர வீதி மேலே தாழ வந்து றெக்கையை ரெண்டு பக்கமும் ஆட்டுவார். ஒரு மொட்டை மாடியில் சிவப்புப் புடவை தெரியும். ஆட்டினால், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். அதற்கு அப்புறம்தான் அந்த அம்மா கீழே போய் இலை போட்டுக்கொள்வார்கள். சில நாள் அது மூன்று மணிகூட ஆகும்.

எண்பது தடவைக்கு மேல் ஏறியிருப்பேன். வாந்தி நின்றது. பயம் நின்றதா என்று கேட்காதீர்கள். ஆனால் ஒன்று, அந்த ரூலுக்கு அப்புறம் என் கை ஒரு முடிச்சைக்கூடச் சும்மா போட்டதில்லை. ரவிக்கைக்குக்கூட றெக்கை முடிச்சுப் போட ஆரம்பித்தேன். "பிரிச்சுத் தைக்க முடியலே, இது என்ன ஜெயிலா?" என்று அத்தா திட்டினார்.

அந்த முடிச்சை வரதன் சாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஐப்பசி மழை நாலு நாளாக விடவில்லை. அவர் நடந்து நடந்து எங்கள் உயிரை வாங்கினார். "சும்மா இருக்க முடியலடா, அந்த ஊசியைக் குடு" என்றார். மெழுகு நூலை ரெண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே கொடுத்து, விரல் வெட்டுப்படுகிற அளவுக்கு இழுத்துப் பூட்டவேண்டும். அவருக்கு அந்தக் கடைசி இழுப்புக்குப் பொறுமை கிடையாது. பாதியில் விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவுவார். "சார், இது பூக்காரம்மா முடிச்சு. சாயங்காலத்துக்குள்ள உதிர்ந்துடும்" என்று கேலி பண்ணினேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தோணி அண்ணன் ஒரு மாசம் அவரை 'பூக்காரம்மா' என்றே கூப்பிட்டார். அவர் முடிச்சில் நூல் வால் இடது பக்கம் திரும்பி நிற்கும், என் முடிச்சில் வலது பக்கம். அதை எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

இப்போது அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பேர் வேதவல்லி. ரவிக்கை தைத்துக் கொடுக்க நான் ஸ்ரீரங்கம் போவேன். வாசலில் நின்று கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டு வருவேன். நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருஷம் கோடையில் போனபோது அவர்கள் முகம் வாடிக் கிடந்தது. முந்தின வாரம்தான் இன்ஜின் நின்று சார் ஒரு ஆற்றுமணலில் இறக்கியிருந்தார். நானும்தான் முன் சீட்டில் இருந்தேன், கேட்டால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்வேன். அவர்கள் கேட்கவில்லை. மஞ்சள் துணியில் சின்னதாக ஒரு பொட்டலத்தை என் முன்னால் வைத்தார்கள்.

"சக்கரத்தாழ்வார் சன்னதியில பூஜை பண்ணின தகடு. அவர் சட்டைப் பையில வெச்சா எடுத்து எறிஞ்சுடறார். கழுத்துல கட்டிக்கோங்கோன்னா, எடை கூடும், ப்ளேன் தாங்காதுங்கறார். பாய், நீங்கதானே றெக்கையை மூடித் தெக்கறேள்? உள்ள வெச்சுத் தெச்சுடுங்கோ. அவருக்குத் தெரிய வேண்டாம்."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் குழந்தைக்குத் தாயத்துக் கட்டுவதில்லையா? பயப்படுகிற பெண்ணிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரல் அகலம் செப்புத் தகடு, அவ்வளவுதான். ஆனால் றெக்கைக்குள் வெளிச் சாமான் ஒரு குண்டூசி இருந்தாலும் வேலை போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அப்போது வேலையில் இருந்த விமானத்தின் கீழ் றெக்கையில், நுனிச் சட்டத்தில் தகடு அசையாமல் மெழுகு நூலால் கட்டினேன். அதன் மேல் துணியைப் போர்த்தி, வரிசையாகப் பத்து முடிச்சுப் போட்டு மூடினேன். டோப் அடித்தேன். தடவிப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. ரொம்பக் கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதை மேலே எடுப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு ஜும்ஆ. வழக்கமாக நான் தொழுதுவிட்டு வந்த பிறகுதான் டெஸ்ட். எவ்வளவு அவசரம் என்றாலும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மனுஷர் காத்திருப்பார். அன்றைக்குக் காலையில் வழக்கம்போல றெக்கையைத் தட்டிக்கொண்டே போனார். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். நுனிக்கு வந்ததும் ஒரு தடவை தட்டினார். மறுபடி தட்டினார். தகடு இருந்த இடம் அது. ஆனால் அவர் "டெய்லர், பிரி" என்று கத்தவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"நீ போயிட்டு வா டெய்லர். ஆத்துல சாப்பிட்டுட்டு நிதானமாவே வா" என்றார்.

நிதானமாக வா! ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்திராத வார்த்தை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? சந்தோஷமாக சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். தொழுதேன். வீட்டில் கறிக்குழம்பு, அதையும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இன்றைக்கு வரைக்கும் எனக்குக் கறிக்குழம்பு நிம்மதியாக இறங்கியதில்லை.

திரும்பி வந்தபோது விமானம் நின்ற இடம் காலியாக இருந்தது. அந்தோணி அண்ணன் வெயிலில் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே?"

"எடுத்துட்டுப் போயிட்டாருப்பா. எங்களையும் முன்னாடியே சாப்பாட்டுக்கு அனுப்பிட்டாரு, வந்து பார்த்தா கிளம்ப நிக்கறாரு. டெய்லர் வரலியே சார்னு கேட்டேன். 'ரூல்படிதான் போறேன் அந்தோணி'ன்னு சிரிச்சுட்டு ஏறிட்டாரு. ஒரு மணி நேரமாச்சு. சத்தத்தையே காணோம்."

ரூல்படி என்றால் நான் அல்லவா கூடப் போகவேண்டும்? எனக்குப் புரியவில்லை, கோபம்கூட வந்தது. அப்புறம் ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம். யாரும் உட்காரவில்லை. மூன்று மணிக்குத் திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லி, அங்கிருந்து எங்களுக்குப் போன் வந்தது. அறுத்துப் போட்ட வயலில் விழுந்திருந்தது. வயலில் வேலை செய்தவர்கள் அவரை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து ரெண்டு அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் றெக்கைத் துணியின் ஒரு துண்டு கிடந்தது. நுனிப் பக்கம். பாதி கிழிந்து, பாதி சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு.

"இது நீங்க தெச்சதா?"

குனிந்து பார்த்தேன். ஆறு முடிச்சு வலது பக்கம் வால். என்னுடையது, ஒன்றுகூட அசையவில்லை. அதற்கு அடுத்த நாலு, இடது பக்கம் வால். பாதி இழுத்து விட்ட முடிச்சு. அந்த நாலு இருந்த இடத்தில்தான் துணி கழன்று தொங்கியது.

வரதன் சார் தகட்டைக் கண்டுபிடித்துவிட்டார். என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பிரித்திருக்கிறார். தகட்டை எடுத்துவிட்டு, முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை போகும் என்று, தன் கையாலேயே தைத்து மூடியிருக்கிறார்.

"சொல்லுங்க, உங்க தையல்தானா? எல்லா முடிச்சும்?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன? யார் பிரித்தது, ஏன் பிரித்தது, உள்ளே என்ன இருந்தது, யார் வைத்தது, யார் கொடுத்தது. உத்திர வீதி வரைக்கும் போலீஸ் போகும். அந்த அம்மா நின்ற வாசல் என் கண்ணில் வந்தது. அதைவிட முன்னால் என் பயம் வந்தது, அதை மறைப்பானேன்.

"எல்லாம் என்னுதுதான் சார்" என்றேன்.

"றெக்கைக்குள்ள வேற ஏதாவது இருந்ததா?"

"இல்லீங்க."

எழுதிக்கொண்டார்கள். தையல் ஒழுங்காக இருந்தது, விழுந்த அடியில் துணி கிழிந்தது. இன்ஜினில் கோளாறு இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது யார்? தாழப் பறக்கும்போது அளவுக்கு மீறித் திருப்பிவிட்டார், ஓட்டியவர் தவறு என்று முடித்துவிட்டார்கள். பேப்பரிலும் அப்படியே வந்தது. அத்தனை விமானத்தைச் சாவின் வாயிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த மனுஷரை, ஓட்டத் தெரியாதவர் என்று நான் எழுத வைத்தேன். முடிச்சு அவிழ்ந்ததால் விழுந்தாரா, விழுந்ததால் முடிச்சு அவிழ்ந்ததா, அது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவர்களுக்காவது அதைத் தேடிப் பார்க்க ஒரு வழி இருந்தது. அதை நான் அடைத்தேன்.

மனசு கேட்கவில்லை. பதிமூன்றாம் நாள் கழிந்ததும், எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் கொட்டிவிடவேண்டும், அவர்கள் சொன்னால் மெட்ராஸுக்கே போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று முடிவு பண்ணி ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன், சொல்ல வேண்டியதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு.

அந்த அம்மாவின் அண்ணா என்னை உள்ளே கூப்பிட்டார். அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார்கள். மஞ்சள் துணி, செப்புத் தகடு.

"அவர் சட்டைப் பையில இருந்தது பாய். ஆஸ்பத்திரியில குடுத்தா. றெக்கைக்குள்ளேன்னா வெக்கச் சொன்னேன்? நீங்க அவர் கையிலேயே குடுத்துட்டேளா?"

பதில் சொல்ல விடாமல் அவர்களே மேலே பேசினார்கள்.

"எறியலையே பாய்! பத்திரமா வெச்சிண்டிருக்காரே! பத்து வருஷமா நான் கெஞ்சாத கெஞ்சலா? கடைசி நாள்ல வாங்கிண்டுட்டாரே. என்ன சொன்னார் வாங்கிக்கறச்சே?"

அழுகைக்கு நடுவில் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அவர்களுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நான் உண்மையைச் சொன்னால், அந்தத் தகட்டாலேயே அவர் போயிருக்கலாம் என்று ஆகும். சொல்லாவிட்டால் அவர் பேர் கெட்டது கெட்டதாகவே இருக்கும். நான் என்ன செய்திருக்கவேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

"ஒண்ணும் சொல்லலம்மா. சிரிச்சுக்கிட்டே பையில போட்டுக்கிட்டாரு" என்றேன்.

"அன்னிக்குப் போறச்சேயே றெக்கையை ஆட்டிட்டுப் போனார். எப்பவும் திரும்பி வரச்சேதானே ஆட்டுவார்? எல்லாம் ஆயிடுத்துன்னு நெனச்சு நான் சாப்பிட உக்காந்துட்டேன்." தகட்டை மடியில் முடிந்துகொண்டே, "அவர் தப்புன்னு போட்டிருக்காளே. தப்புப் பண்ணக்கூடியவரா பாய்?" என்றார்கள்.

"இல்லம்மா. இல்லவே இல்ல."

"நீங்க சொன்னாப் போறும்" என்றார்கள். அப்புறம் தானாகவே, "அவர் நகமெல்லாம் பளபளன்னு இருந்தது. அந்த வார்னிஷ் வாசனை. தொடச்சுத் தொடச்சுப் பார்த்தேன், போகல" என்றார்கள்.

டோப் அடிப்பது என் வேலை. வரதன் சார் அதைக் கையால் தொடவே மாட்டார், வாசனை பிடிக்காது. தைத்துவிட்டு டோப்பும் அடித்துக் காயவைத்திருக்கிறார். பொறுமையே இல்லாத மனுஷர் எனக்காக ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில்தான் அந்தோணி அண்ணன் சொன்னது புரிந்தது. ரூல்படி. தைத்தவன் ஏறவேண்டும். கடைசியாகத் தைத்தவர் அவர். அதனால் அவர் ஏறினார், என்னைக் கூப்பிடவில்லை. சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு ஓவென்று அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

அந்த அம்மாவை அவர்கள் அண்ணா டெல்லிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும், கடைசியில் எப்போதும் "நீங்கள் கொடுத்த தகடு பூஜையில் இருக்கிறது" என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போகும். போன மாசம் அவர்கள் காலமாகிவிட்டதாக அண்ணா மகன் போன் பண்ணினார். இனிமேல் உண்மை தெரிந்து கஷ்டப்பட ஆள் இல்லை. அதனால்தான் இப்போது சொல்கிறேன். வரதன் சார் தப்புப் பண்ணியிருக்கமாட்டார். தப்பு அந்த றெக்கையில் இருந்திருக்கலாம், அதை அங்கே கொண்டுபோனவன் நான். இதை யாரிடம் போய் எழுதிக் கொடுப்பது? விசாரித்த அதிகாரிகள் இருக்கிறார்களோ என்னவோ. அந்தோணி அண்ணன் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அந்தக் கொட்டகையை அடுத்த வருஷமே பிரித்துப் போட்டார்கள். நான் சின்னக்கடைத் தெருவுக்கே திரும்பி வந்து ரவிக்கை தைத்தேன். மொட்டைக் கோபுரம் இப்போது ராஜகோபுரமாகிவிட்டது. என் மகன்கள் ரெண்டு பேரும் அதே செம்பட்டிலிருந்துதான் துபாய்க்குப் போய் வந்தார்கள். வழியனுப்பப் போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற விமானத்தைப் பார்ப்பேன். மொத்தமும் இரும்புத் தகடு மாதிரி பளபளக்கும், ஒரு இழை நூல் இருக்காது. யார் செய்தது, யார் பூட்டியது, அவன் எந்த ஊரில் இருக்கிறான், யாருக்கும் தெரியாது. ஏறுகிறவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பேத்தி வந்து, "கோவமா நன்னா?" என்று விரலை நீட்டிக் காட்டினாள். பத்து நகமும் பளபளவென்று இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் போன பிறகு படுத்தேன், புரண்டேன், எழுந்து தண்ணீர் குடித்தேன். அறுபது வருஷமாக ஒரே கணக்குத்தான். கடைசி நாலு முடிச்சு அவருடையது, அதற்கு அவர் ஏறிவிட்டார். முதல் ஆறு என்னுடையது. ரூல்படி அன்றைக்கு முன் சீட்டில் நான் இருந்திருக்கவேண்டும். இப்போது போய் ஏறிக் கணக்கைத் தீர்க்கலாம் என்றாலும், துணி றெக்கை வைத்த விமானம் ஒன்றுகூட இந்த ஊரில் இல்லை.